குழு அறையில் நடுவர் யார்?

2024 அக்டோபர் 22 அன்று நாடாளுமன்ற வளாகத்தின் இணைப்புக் கட்டடத்தில், வக்ஃப் திருத்த மசோதாவை ஆராய அமைக்கப்பட்ட கூட்டுக் குழு கூடியிருந்தது. ஒடிசாவிலிருந்து வந்திருந்த இரண்டு அமைப்புகளின் பிரதிநிதிகள் தங்கள் கருத்தை எடுத்துரைத்துக் கொண்டிருந்தனர். ஓய்வு பெற்ற நீதிபதிகளும் வழக்குரைஞர்களும் அவர்களில் அடக்கம். இவர்களுக்கும் இந்த மசோதாவுக்கும் என்ன தொடர்பு என்ற கேள்வியை எதிர்க்கட்சி உறுப்பினர்கள் எழுப்பினர். அதிலிருந்து தொடங்கிய வாக்குவாதம், திரிணமூல் காங்கிரஸ் உறுப்பினர் கல்யாண் பானர்ஜிக்கும், கொல்கத்தா உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்து பாரதிய ஜனதா உறுப்பினரான அபிஜித் கங்கோபாத்யாயவுக்கும் இடையிலான மோதலாக முற்றியது. பானர்ஜி மேசையிலிருந்த கண்ணாடித் தண்ணீர் பாட்டிலை ஓங்கி அடித்து உடைத்தார். அவருடைய கைவிரல்களிலேயே காயம் ஏற்பட்டது. குழுவில் தீர்மானம் கொண்டுவரப்பட்டு, 9-க்கு 8 என்ற வாக்கு வித்தியாசத்தில் அவர் ஒருநாள் இடைநீக்கம் செய்யப்பட்டார்.

மறுநாள் நாளிதழ்களில் பாட்டிலும் கட்டுப்போட்ட கையும்தான் இடம்பெற்றன. அந்த 9-க்கு 8 என்ற எண்ணிக்கையை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. எனக்கு அதுதான் முக்கியமான செய்தியாகப் பட்டது. ஓர் உறுப்பினர் ஒழுங்கீனமாக நடந்தார் என்பதில் ஐயத்துக்கே இடமில்லாத ஒரு நிகழ்விலும், குழு ஏறத்தாழ நடுவில் பிளந்து நின்றது. அதாவது, நடந்தது தவறு என்பதை ஏற்பவர்களும்கூட, தண்டிக்கும் கை நடுநிலையானது என்பதை ஏற்கவில்லை.

மூன்று மாதம் கழித்து, 2025 ஜனவரி 24 அன்று இதே குழுவில் ஒரே வேளையில் பத்து எதிர்க்கட்சி உறுப்பினர்கள் அன்றைய நாள் முழுவதும் இடைநீக்கம் செய்யப்பட்டனர். பாரதிய ஜனதாவின் நிஷிகாந்த் துபே தீர்மானத்தை முன்மொழிந்தார். இடைநீக்கம் செய்யப்பட்டவர்களில் தமிழகத்தைச் சேர்ந்த ஆ. ராசா, எம்.எம். அப்துல்லா ஆகிய இருவரும் இருந்தனர். அன்று யாரும் பாட்டிலை உடைக்கவில்லை. கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல் கடைசி நேரத்தில் மாற்றப்பட்டது ஏன், மசோதாவின் பிரிவுகளை ஒவ்வொன்றாக ஆராயும் வேலையை இத்தனை அவசரமாக முடிக்க வேண்டியது ஏன் என்று கேட்டு அவர்கள் முழக்கமிட்டனர். அவர்கள் வெளியேற்றப்பட்ட பின்னர், காஷ்மீரிலிருந்து வந்திருந்த மீர்வாய்ஸ் உமர் ஃபாரூக் தலைமையிலான குழுவினரின் கருத்து கேட்கப்பட்டது. கேட்டவர்கள் பெரும்பாலும் ஒரே தரப்பினர்.

இந்த இரண்டு நிகழ்வுகளையும் ஒரே தட்டில் வைத்து, 'உறுப்பினர்களின் தரம் தாழ்ந்துவிட்டது' என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால், முதல் நிகழ்வில் பிரச்னை ஒரு மனிதரின் நடத்தை. இரண்டாவதில் பிரச்னை ஒரு நடைமுறை. முன்னதற்கான மருந்தைப் பின்னதற்கும் கொடுத்ததுதான் நாம் கவனிக்க வேண்டியது.

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பொருளாதாரம் கற்பித்தவன் என்பதால், நான் இதைப் பற்றாக்குறை வளங்களின் பங்கீடாகவே பார்க்கிறேன். ஒரு குழுவில் இரண்டு வளங்கள் இருக்கின்றன: ஒன்று வாக்கு, மற்றொன்று நேரம். குழுக்கள் அவையில் கட்சிகளுக்கு உள்ள பலத்தின் விகிதத்தில் அமைக்கப்படுவதால், ஆளும் தரப்பிடம் வாக்கு எப்போதும் இருக்கும். அதற்கு இல்லாதது நேரம். இன்ன தேதிக்குள் அறிக்கை வேண்டும், இந்தக் கூட்டத்தொடரிலேயே மசோதா நிறைவேற வேண்டும் என்ற நெருக்கடி அதற்கு உண்டு. சிறுபான்மைத் தரப்பிடம் வாக்கு இல்லை. அதனிடம் இருப்பது நேரம் மட்டுமே. கேள்வி கேட்கும் நேரம், ஆட்சேபம் எழுப்பும் நேரம், ஆவணத்தைப் படித்துப் பார்க்கக் கோரும் நேரம். ஒழுங்குப் பிரச்னை, நடைமுறை ஆட்சேபம் என்றெல்லாம் நாம் சலிப்போடு கடந்துபோகிறவை, உண்மையில் இந்த இரண்டு வளங்களுக்கும் இடையிலான மாற்று விகிதத்தை நிர்ணயிக்கும் பேரம். சிறுபான்மை தன் நேரத்தை விட்டுக்கொடுக்கிறது. பதிலுக்கு ஒரு திருத்தத்தையோ, கூடுதலாக ஒரு சாட்சியையோ பெறுகிறது. நல்ல குழுத் தலைவர் என்பவர் இந்தச் சந்தையை நாணயமாக நடத்துபவர்.

வக்ஃப் குழுவிலேயே இது ஒருமுறை நடந்தது. குழுவின் தலைவர் ஜகதாம்பிகா பாலின் போக்கு குறித்து 2024 நவம்பரில் எதிர்க்கட்சி உறுப்பினர்கள் மக்களவைத் தலைவர் ஓம் பிர்லாவைச் சந்தித்து முறையிட்டனர். அந்த மாத இறுதியில் குழுவின் பதவிக்காலம் 2025 நிதிநிலை அறிக்கைக் கூட்டத்தொடரின் கடைசி நாள் வரை நீட்டிக்கப்பட்டது. ஆளும் தரப்பும் அந்த நீட்டிப்புக்கு இசைந்தது. ஆட்சேபத்துக்கு ஒரு விலை கிடைத்த தருணம் அது. ஆனால், நீட்டித்துக் கிடைத்த கால அவகாசத்தின் இறுதிப் பகுதி எப்படிச் செலவானது என்பதைப் பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சுகிறது. ஜனவரி 27 அன்று எதிர்க்கட்சிகள் முன்வைத்த 44 திருத்தங்கள் 10-க்கு 16 என்ற கணக்கில் நிராகரிக்கப்பட்டன. ஆளும் கூட்டணி உறுப்பினர்களின் 14 திருத்தங்கள் ஏற்கப்பட்டன. அடுத்த நாள் மாலை 655 பக்க வரைவு அறிக்கை உறுப்பினர்களுக்கு அனுப்பப்பட்டது. அதற்கடுத்த நாள் காலை 10 மணிக்கு அதை ஏற்பதற்கான கூட்டம். மாறுபட்ட கருத்தை எழுதித் தர அன்று மாலை 4 மணி வரை அவகாசம்.

பக்கத்துக்கு இரண்டு நிமிடம் என்று வைத்துக்கொண்டால், 655 பக்கங்களைப் படிக்க 1,310 நிமிடங்கள் ஆகும். ஏறத்தாழ 22 மணி நேரம். உறங்காமல், உண்ணாமல், குறிப்பெடுக்காமல் படித்தாலும் அந்த ஓர் இரவில் முடியாது. இதில் அவர்கள் சட்ட நுணுக்கங்களோடு மறுப்பும் எழுத வேண்டும். நான் பணியாற்றிய கல்லூரியொன்றின் கல்விக் குழுக் கூட்டங்களில், முக்கியமான பாடத்திட்ட மாற்றங்களை முன்கூட்டி அனுப்பாமல், கூட்டம் தொடங்கும்போது மேசையில் வைப்பது ஒரு வழக்கமாகவே இருந்தது. தேநீர் வருவதற்குள் அவை நிறைவேறிவிடும். ஆட்சேபம் தெரிவிப்பவர் 'கூட்டத்தை இழுத்தடிப்பவர்' என்று பெயரெடுப்பார். ஒரு கல்லூரியில் இதனால் விளையும் கேடு ஒரு பாடத்திட்டத்தோடு முடிந்துவிடும். நாடாளுமன்றக் குழுவில் அப்படியல்ல.

விதிகள் என்ன சொல்கின்றன என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்பது நல்லது. ஏனெனில், நம்முடைய விதிகள் மோசமானவை அல்ல. மக்களவையின் நடைமுறை விதிகளில் குழுக்களுக்கான பொது விதிகள் 253-ஆம் விதியிலிருந்து தொடங்குகின்றன. குழுத் தலைவரை மக்களவைத் தலைவர் நியமிக்கிறார். கோரம் என்பது மொத்த உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கு. முடிவுகள், வந்திருந்து வாக்களிப்போரின் பெரும்பான்மைப்படி. சமமாகப் பிரிந்தால் தலைவருக்குத் தீர்மானிக்கும் வாக்கு. கூட்டங்கள் தனிமையில் நடைபெற வேண்டும். சாட்சிகளை விசாரிக்கும் முறை குறித்த 273-ஆம் விதி மிகவும் நாகரிகமானது. ஒரு சாட்சியை அழைப்பதற்கு முன்பே, எந்த முறையில் விசாரிப்பது, எத்தகைய கேள்விகள் கேட்பது என்பதைக் குழு தீர்மானித்துக்கொள்ள வேண்டும். முதலில் தலைவர் கேட்கலாம். பிறகு உறுப்பினர்களை ஒருவர் பின் ஒருவராக அழைப்பார். கேட்கப்படாத, ஆனால் சொல்ல வேண்டியது ஏதேனும் இருந்தால் அதைச் சொல்லச் சாட்சிக்கும் வாய்ப்பளிக்கலாம். சொன்னது சொன்னபடி பதிவு செய்யப்பட வேண்டும். ஒருவரை அழைக்கலாமா, ஓர் ஆவணத்தைக் கேட்கலாமா என்பதில் தகராறு எழுந்தால் மக்களவைத் தலைவரின் முடிவே இறுதியானது.

ஆனால், கூட்டத்துக்குள் ஓர் உறுப்பினர் அடங்க மறுத்தால் என்ன செய்வது? 373-ஆம் விதி, ஒழுங்கீனமாக நடக்கும் உறுப்பினரை அன்றைய தினம் அவையை விட்டு வெளியேறச் சொல்லும் அதிகாரத்தைத் தருகிறது. 374-ஆம் விதி, உறுப்பினரின் பெயரைச் சுட்டி, தீர்மானத்தின் மூலம் இடைநீக்கம் செய்ய வழிசெய்கிறது. இரண்டும் பேசுவது மக்களவைத் தலைவரைப் பற்றி, அவையைப் பற்றி. இவற்றைக் குழு அறைக்கும் நீட்டித்து, குழுத் தலைவரும் குழுவின் பெரும்பான்மையும் பயன்படுத்தலாமா என்பது விவாதத்துக்குரியது. 31 பேர் கொண்ட குழுவில் பத்துப் பேரை ஒரு தீர்மானத்தால் வெளியே அனுப்ப முடியும் என்றால், வாக்கெடுப்பு நடக்கும் நாளிலும் அனுப்ப முடியும். ஜனவரி 24-இல் அப்படி நடக்கவில்லை என்பது உண்மையே. திருத்தங்கள் மீதான வாக்கெடுப்பில் அவர்கள் பங்கேற்றார்கள். ஆனால், ஓர் அதிகாரம் இதுவரை எப்படிப் பயன்பட்டது என்பதை மட்டும் வைத்து அதை எடைபோட முடியாது. எதுவரை போகக்கூடும் என்பதையும் பார்த்தாக வேண்டும்.

மக்களவையில் தலைவர் ஓர் உறுப்பினரைப் பெயர் சுட்டும்போது, அவர் கட்சி சார்பற்றவர் என்ற ஒரு மரபாவது, பெயரளவிலாவது, பின்னால் நிற்கிறது. குழுத் தலைவருக்கு அந்தப் போர்வைகூடக் கிடையாது. அவர் தன் கட்சியின் உறுப்பினராகவே அமர்ந்திருக்கிறார், விவாதிக்கிறார், வாக்களிக்கிறார். ஆட்டக்காரரே நடுவராகவும் இருப்பது தவிர்க்க முடியாததாக இருக்கலாம். ஆனால், ஆட்டக்காரரை வெளியேற்றும் அட்டையையும் அவர் பையிலேயே வைத்திருப்பது தவிர்க்கக்கூடியது.

இதை ஒரு கட்சியின் பாவமாக மட்டும் எழுதினால் நான் நேர்மையற்றவனாவேன். 2011 ஏப்ரல் 28 அன்று பொதுக் கணக்குக் குழுவில் நடந்தது என் தலைமுறையினருக்கு நினைவிருக்கும். 2ஜி அலைக்கற்றை ஒதுக்கீடு குறித்த வரைவு அறிக்கையை, குழுத் தலைவர் முரளி மனோகர் ஜோஷி முன்வைத்தார். 1967-இல் மினு மசானி பொறுப்பேற்றது முதல், பொதுக் கணக்குக் குழுவின் தலைமை எதிர்க்கட்சியிடம் இருப்பது மரபு. ஆகவே, தலைவர் எதிர்க்கட்சிக்காரர், பெரும்பான்மை அவரிடம் இல்லை. அமளிக்கு இடையே ஜோஷி கூட்டத்தை ஒத்திவைத்துவிட்டு வெளியேறினார். அதன் பிறகும் அறையில் இருந்த காங்கிரஸ், திமுக உறுப்பினர்கள், சமாஜவாதி, பகுஜன் சமாஜ் கட்சிகளின் உறுப்பினர்களோடு சேர்ந்து, காங்கிரஸின் சைஃபுதீன் சோஸைத் தலைவராகத் தேர்ந்தெடுத்து, வரைவு அறிக்கையை நிராகரிப்பதாக வாக்களித்தனர். 21 பேரில் 11 பேர். தலைவர் வராத கூட்டத்துக்கு ஒருவரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள விதியில் இடமுண்டு. ஆனால், தலைவர் ஒத்திவைத்துவிட்டுப் போன கூட்டம் கூட்டம்தானா என்பதற்கு விதியில் விடையில்லை. இரு தினங்கள் கழித்து ஜோஷி தன் அறிக்கையை மக்களவைத் தலைவர் மீரா குமாருக்கு அனுப்பினார். அவர் அதை ஏற்காமல் திருப்பியனுப்பினார். நாட்டின் மிகப் பெரிய நிதிச் சர்ச்சை ஒன்றில், நாட்டின் மூத்த நிதிக் குழுவின் கருத்து என்று எதுவும் அன்றைக்குப் பதிவாகவில்லை.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு நுட்பம் இருக்கிறது. பொதுக் கணக்குக் குழு உள்ளிட்ட நிதிக் குழுக்களின் அறிக்கைகளில் மாறுபட்ட கருத்துக் குறிப்பை இணைக்க மக்களவைத் தலைவரின் வழிகாட்டு நெறிகள் இடந்தருவதில்லை. கட்சி கடந்து ஒருமித்த கருத்துக்கு வர வேண்டும் என்பதே நோக்கம். பல ஆண்டுகள் அந்த நோக்கம் நிறைவேறவும் செய்தது. ஆனால், ஒருமித்த கருத்துக்கு வாய்ப்பே இல்லாத விவகாரத்தில், மறுப்பை எழுதிவைக்க வழியில்லை என்றால், அறிக்கையையே அழிப்பது ஒன்றுதான் மறுப்பாளர்களுக்கு எஞ்சும் வழி. வெளியேறும் சிறிய கதவு ஒன்றை வைக்காத கட்டடத்தில், நெருக்கடி வந்தால் சுவரைத்தான் உடைப்பார்கள்.

அதே 2ஜி விவகாரத்துக்காக அமைக்கப்பட்டு, பி.சி. சாக்கோ தலைமையில் இயங்கிய கூட்டுக் குழுவின் முன் நேரில் வந்து விளக்கமளிக்க ஆ. ராசா அனுமதி கோரினார். அழைக்கப்படவில்லை. எழுத்துபூர்வமான விளக்கம் மட்டுமே பெறப்பட்டது. 2013 செப்டம்பரில் அறிக்கை 16-க்கு 11 என்ற வாக்குகளில் ஏற்கப்பட்டது. குற்றம் சாட்டப்பட்டவரை நேரில் கேட்காமல் எழுதப்பட்ட ஓர் அறிக்கைக்கு என்ன மதிப்பு இருக்க முடியும்? குற்றம் செய்தாரா, இல்லையா என்பது வேறு கேள்வி. கேட்பது என்ற வேலைக்காகவே அமைக்கப்பட்ட குழு கேட்க மறுத்தது என்பதுதான் இங்கே செய்தி. 2011-இல் பெரும்பான்மையின் பக்கம் நின்று வாக்களித்த கட்சியைச் சேர்ந்தவர், 2013-க்குள் கேட்கப்படாதவராகவும், 2025-இல் வெளியேற்றப்பட்டவராகவும் ஆனார். நடைமுறை என்பது இன்று ஆள்பவர்கள் தங்கள் நாளைக்காகச் செலுத்திவைக்கும் காப்பீட்டுத் தவணை என்று வகுப்பில் சொல்வதுண்டு. அதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

கூச்சலின்றியும் ஒரு குழுவை முடக்கலாம். 2021 ஜூலை 28 அன்று சசி தரூர் தலைமையிலான தகவல் தொழில்நுட்ப நிலைக்குழு, பெகாசஸ் உளவு மென்பொருள் சர்ச்சை பேசுபொருளாக இருந்த நேரத்தில், குடிமக்களின் தரவுப் பாதுகாப்பு குறித்து அமைச்சகங்களின் அதிகாரிகளை அழைத்திருந்தது. பாரதிய ஜனதா உறுப்பினர்கள் அறைக்கு வந்தார்கள். ஆனால், வருகைப் பதிவேட்டில் கையொப்பமிடவில்லை. கோரம் இல்லாததால் கூட்டம் நடக்கவில்லை. வந்து சாட்சியமளிக்க வேண்டிய அதிகாரிகளும் கடைசி நேரத்தில் வர இயலாது என்று தெரிவித்துவிட்டார்கள். ஒரு குரல் உயரவில்லை, ஒரு பாட்டில் உடையவில்லை. எந்த விதியும் வெளிப்படையாக மீறப்படவும் இல்லை. இருக்கையில் அமர்ந்திருந்தும் வராதவர்களாகக் கருதப்படும் வித்தையை அன்றுதான் நாடு பார்த்தது. ஒழுங்கு என்பதை நாம் அமைதி என்று புரிந்துகொண்டால், அந்தக் கூட்டம் மிக ஒழுங்கானது!

இன்னொரு வகை, சாட்சியாக வருபவரை நடத்தும் விதம். 2023 நவம்பர் 2 அன்று மக்களவை நெறிமுறைக் குழுவின் முன் ஆஜரான மஹுவா மொய்த்ரா, தன்னிடம் தனிப்பட்ட வாழ்க்கை பற்றிக் கண்ணியமற்ற கேள்விகள் கேட்கப்பட்டதாகக் கூறி வெளிநடப்புச் செய்தார். எதிர்க்கட்சி உறுப்பினர்களும் உடன் வெளியேறினர். அவர் விசாரணைக்கு ஒத்துழைக்க மறுத்தார் என்றார் குழுத் தலைவர் வினோத் சோன்கர். கேட்கப்பட்ட கேள்விகள் குற்றச்சாட்டுக்குத் தொடர்புடையவையா என்பதை அந்த அறையிலேயே தீர்மானிக்க எந்த ஏற்பாடும் இல்லை. ஒரு வாரத்தில் அறிக்கை 6-க்கு 4 என்று ஏற்கப்பட்டது. டிசம்பர் 8 நண்பகலில் அவையில் தாக்கலாகி, பிற்பகல் 2 மணிக்கு விவாதத்துக்கு எடுக்கப்பட்டு, அன்றே அவர் பதவி பறிக்கப்பட்டது. மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவரின் பதவியைப் பறிக்கும் அளவுக்கு விளைவு கொண்ட விசாரணை, ஒரு வட்டார நீதிமன்றத்தில் கோரக்கூடிய அளவு நடைமுறைப் பாதுகாப்புகூட இல்லாமல் நடந்தது. அவர் மீதான குற்றச்சாட்டு கடுமையானது என்பதை நான் மறுக்கவில்லை. கடுமையான குற்றச்சாட்டுக்குக் கவனமான விசாரணை அல்லவா வேண்டும்?

குழு நடவடிக்கைகள் இரகசியமாக இருப்பதற்கு ஒரு காரணம் சொல்லப்படும். நானும் நெடுநாள் அதையே மாணவர்களுக்குச் சொல்லி வந்தேன். கேமரா இல்லாத இடத்தில் உறுப்பினர் கைதட்டலுக்காகப் பேச வேண்டியதில்லை. கட்சிக் கொறடாவின் ஆணையும் அங்கே செல்லாது. ஆகவே, விட்டுக்கொடுப்பதன் அரசியல் செலவு குறைவு. 1993-இல் துறைவாரியான நிலைக்குழுக்கள் 17 அமைக்கப்பட்டு, 2004-இல் அவை 24 ஆனபோது, இந்த அமைதியான உழைப்பைத்தான் எதிர்பார்த்தோம். பெருமளவு கிடைக்கவும் செய்தது. எத்தனையோ நிலைக்குழு அறிக்கைகளை வகுப்பறையில் பாடநூல் போலப் பயன்படுத்தியிருக்கிறேன். இன்றைக்கோ, பேரம் நடக்கும்போது இருக்கும் இரகசியம் சண்டை நடக்கும்போது இருப்பதில்லை. அறைக்குள் மோதல் மூண்ட பத்தாவது நிமிடம் அதன் விவரம் தொலைக்காட்சித் திரையில் ஓடுகிறது. இரு தரப்பினரும் வாசலில் நிற்கும் ஒலிவாங்கிகளிடம் தத்தமது கதையைச் சொல்கிறார்கள். ஆனால், ஒடிசாவிலிருந்து வந்தவர்கள் என்ன சொன்னார்கள், அது பொருத்தமானதா என்பது மட்டும் வெளியே வருவதில்லை. சண்டைக்கு விளம்பரமும் சாட்சியத்துக்கு இருட்டும் கிடைக்கும் இடத்தில், ஓர் உறுப்பினர் எதை அதிகம் உற்பத்தி செய்வார் என்று கேட்கப் பொருளாதாரப் பேராசிரியர் தேவையில்லை.

பிரிட்டனில் தேர்வுக் குழுக்கள் சாட்சியத்தைப் பொதுவில் கேட்கின்றன, அறிக்கையைத் தனிமையில் விவாதிக்கின்றன. 2010 முதல் பெரும்பாலான தேர்வுக் குழுக்களின் தலைவர்களை அவை உறுப்பினர்கள் அனைவரும் இரகசிய வாக்கெடுப்பின் மூலம் தேர்ந்தெடுக்கிறார்கள். தன் கட்சித் தலைமைக்கு மட்டும் கடன்பட்டிராத ஒருவர் அந்த நாற்காலியில் அமர்கிறார். 2011 ஜூலையில், தொலைபேசி ஒட்டுக்கேட்பு விவகாரத்தில் ரூபர்ட் மர்டாக் சாட்சியமளித்துக் கொண்டிருந்தபோது, பார்வையாளர் ஒருவர் நுரை நிரம்பிய தட்டை அவர் மீது வீசினார். தலைவர் ஜான் விட்டிங்டேல் அமர்வைச் சிறிது நேரம் நிறுத்தி, பார்வையாளர்களை வெளியேற்றிவிட்டு, விசாரணையைத் தொடர்ந்தார். அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் குழுக்களில் ஒவ்வோர் உறுப்பினருக்கும் ஒவ்வொரு சாட்சியிடமும் கேள்வி கேட்க ஐந்து நிமிடம் உண்டு. அது தலைவர் தரும் சலுகையல்ல, உறுப்பினரின் உரிமை. அங்கும் கூச்சல் இல்லாமல் இல்லை. 2024 மே மாதம் மேற்பார்வைக் குழுவில் உறுப்பினர்கள் ஒருவரையொருவர் தோற்றத்தைக் குறித்து இழித்துப் பேசிய காட்சியை உலகமே பார்த்தது. ஐந்து நிமிடத்தை வைத்துக்கொண்டு உருப்படியாகக் கேள்வி கேட்காமல் உரை நிகழ்த்துவோரும் ஏராளம். எனினும், 'எனக்குப் பேச வாய்ப்புத் தரவில்லை' என்ற புகாருக்கு அங்கே அதிக வேலையில்லை. நம் குழு அறைகளில் பாதிச் சண்டை அந்தப் புகாரிலிருந்துதான் தொடங்குகிறது.

நமக்கு அந்நிய முறையை அப்படியே இறக்குமதி செய்யத் தேவையில்லை. 273-ஆம் விதி சொல்வதைச் செய்தாலே போதும் என்று தோன்றுகிறது: யாரை, எதற்காக அழைக்கிறோம், எந்த வரம்புக்குள் கேட்கப் போகிறோம் என்பதைச் சாட்சி வருவதற்கு முன்பே குழு பேசி முடித்துவிட வேண்டும். ஒடிசா அமைப்புகளுக்கு மசோதாவோடு தொடர்பு உண்டா என்ற கேள்வி, அவர்கள் எதிரில் அமர்ந்திருக்கும்போது எழுப்பப்பட வேண்டிய கேள்வியே அல்ல. அழைப்பு அனுப்பும் முன் எழுப்பி, முடித்திருக்க வேண்டியது. நிகழ்ச்சி நிரலுக்கும் வரைவு அறிக்கைக்கும் குறைந்தபட்ச முன்னறிவிப்புக் காலம் ஒன்றை மக்களவைத் தலைவர் தன் வழிகாட்டு நெறியாகவே வெளியிடலாம். 283-ஆம் விதி அந்த அதிகாரத்தைத் தருகிறது. அறிக்கையின் நூறு பக்கத்துக்கு ஒரு முழு நாள் என்று வைத்தாலும் வக்ஃப் அறிக்கைக்கு ஒரு வாரம்தான் ஆகியிருக்கும். இடைநீக்கத்தைப் பொருத்தவரை, அமளி செய்பவரை அந்த அமர்வுக்கு வெளியே அனுப்பும் அதிகாரம் குழுத் தலைவருக்கு இருக்கட்டும். அதற்கு மேற்பட்ட எதுவும், பெரும்பான்மை வாக்கால் அல்லாமல், காரணம் எழுதி மக்களவைத் தலைவரின் முடிவுக்குப் போகட்டும்.

மாறுபட்ட கருத்துக் குறிப்பு பற்றியும் சொல்ல வேண்டும். அதில்தான் வக்ஃப் குழுவின் கடைசிச் சர்ச்சை வெடித்தது. 2025 பிப்ரவரி 13 அன்று அறிக்கை அவைகளில் வைக்கப்பட்டபோது, தங்கள் குறிப்புகளின் பகுதிகள் நீக்கப்பட்டுள்ளதாக எதிர்க்கட்சிகள் குற்றம் சாட்டின. மாநிலங்களவையில் மல்லிகார்ஜுன கார்கே இந்தப் பிரச்னையை எழுப்பினார். எதுவும் நீக்கப்படவில்லை என்று அமைச்சர் கிரண் ரிஜிஜு முதலில் மறுத்தார். குழுவின் மீது அவதூறான பகுதிகளை நீக்கத் தலைவருக்கு அதிகாரம் உண்டு என்ற வாதமும் முன்வைக்கப்பட்டது. பின்னர் விடுபட்ட பகுதிகள் பிற்சேர்க்கையாக இணைக்கப்பட்டன. மறுப்புக் குறிப்பு மிதமான மொழியில் இருக்க வேண்டும், குழுவின் மீது பழி சுமத்தக் கூடாது என்று நெறிகள் சொல்வது மெய்தான். ஆனால், குழு நடந்த விதமே தவறு என்பது ஒருவரின் மறுப்பு என்றால், குழுவின் மீது பழி சுமத்தாமல் அதை எப்படி எழுதுவது? அந்தப் பழிக்கு ஆளாகும் தலைவரே எந்த வரியை வெட்டலாம் என்று முடிவு செய்வது எந்த ஊர் நியாயம்?

இவ்வளவுக்குப் பிறகும் குழுக்கள் வேண்டும் என்கிறேன். குழுவுக்கே போகாமல் சட்டமாவதே நம் காலத்தின் வழக்கமாகி வருகிறது. 15-ஆவது மக்களவையில் 71 சதவீத மசோதாக்கள் குழுக்களின் ஆய்வுக்கு அனுப்பப்பட்டன. 17-ஆவது மக்களவையில் அது 16 சதவீதமாகச் சரிந்தது. அனுப்பப்படும் சிலவற்றிலும் அமளி மட்டுமே மிஞ்சினால், 'குழுவுக்கு அனுப்பி என்ன பயன்?' என்ற கேள்விக்கு அரசிடம் விடை தயாராக இருக்கும். எதிர்க்கட்சிகளிடமும் அந்தச் சலிப்பு தொற்றிக்கொண்டுவிட்டது. 2025 ஆகஸ்டில் அறிமுகமான 130-ஆவது அரசமைப்புச் சட்டத் திருத்த மசோதாவுக்கான கூட்டுக் குழுவை 'இந்தியா' கூட்டணியின் பெரும்பாலான கட்சிகள் புறக்கணித்துவிட்டன. அது தவறான முடிவு என்பது என் கருத்து. வெளியேற்றப்படுவதற்கும் தானே வெளியேறுவதற்கும் இடையே, அறைக்குள் கேட்கப்படாத கேள்விகளின் எண்ணிக்கையில் எந்த வேறுபாடும் இல்லை.

ஒரே நாடு, ஒரே தேர்தல் மசோதாவுக்கான 39 பேர் குழுவின் பணியை நான் ஆர்வத்தோடு கவனிக்கக் காரணம் வேறு. பி.பி. சௌத்ரி தலைமையிலான அந்தக் குழுவில் திமுக சார்பில் பி. வில்சனும் டி.எம். செல்வகணபதியும் இருக்கிறார்கள். குழுவுக்குள் அறிக்கையை ஏற்கச் சாதாரணப் பெரும்பான்மை போதும். ஆனால், மசோதா அரசமைப்புச் சட்டத் திருத்தம் என்பதால், அவையில் வந்திருந்து வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். ஆளும் கூட்டணியிடம் அந்த எண்ணிக்கை இல்லை. வாக்கு இருக்கும் இடத்தில் நேரத்தைப் பறித்தவர்கள், வாக்கு போதாத இடத்தில் நேரத்தைத் தாராளமாகத் தருவார்களா? வரைவு அறிக்கை எத்தனை நாள்களுக்கு முன்னதாக உறுப்பினர்களின் கைக்கு வருகிறது என்பதைப் பார்த்தால் தெரிந்துவிடும்.